ஸ்கூல் பசங்களோட ரோம், ஃப்ளாரன்ஸ், பாரிஸ் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

வணக்கம். இத்தாலில ஸ்டூடண்ட் குரூப்களுக்கு ப்ரோக்ராம் போட்டு கூடவே போறதுதான் என் வேலை, பாரிஸும் நல்லாத் தெரியும். பசங்களோட படிப்புப் பயணம் பத்தி எது வேணா கேளுங்க. ஷாப்பிங், சீப் ஃப்ளைட் மட்டும் வேற யார்கிட்டயாவது கேட்டுக்கோங்க.

மதுரை டீச்சர்: மேடம், ஒன்பதாம் கிளாஸ் பசங்க 32 பேர், பத்து நாள். ஏஜென்ட் லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், லூசர்ன், வெனிஸ், ரோம்னு ஆறு ஊர் போட்டிருக்கார். சரியா வருமா?

வராதுங்க டீச்சர். முதல்ல லண்டனை எடுத்துடுங்க, அது ஷெங்கன்ல (ஒரே விசால பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போற ஏற்பாடு) இல்ல, அத்தனை பேருக்கும் தனியா இன்னொரு விசா எடுக்கணும். அடுத்து பஸ் கணக்கு. பாரிஸ்ல இருந்து லூசர்ன் 600 கிலோமீட்டருக்கு மேல. இங்க டிரைவர் ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10, நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் ஓய்வு எடுத்தே ஆகணும், எல்லாத்தையும் வண்டில இருக்கிற டேகோகிராஃப்ங்கிற கருவி பதிவு பண்ணிடும், அதனால 'அண்ணே இன்னும் கொஞ்ச தூரம் போயிடலாம்'னு கேக்கவே முடியாது. ராத்திரி லேட்டா போய்ச் சேர்ந்தா அவர் ரெஸ்ட் முடிஞ்சுதான் மறுநாள் வண்டி கிளம்பும், காலைல மியூசியத்துக்குப் போட்ட ஸ்லாட் அப்படியே போச்சு. வெனிஸ்ல 2024ல இருந்து ஒரு கைடுக்குப் பின்னாடி 25 பேருக்கு மேல போகக் கூடாது, உங்க 32 பேரை ரெண்டாப் பிரிக்கணும், ரெண்டு கைடு.

ரோம், ஃப்ளாரன்ஸ் ரெண்டு மட்டும் வெச்சுக்கோங்க. நடுவுல ஃபாஸ்ட் ட்ரெயின் ஒன்றரை மணி நேரம்தான்.

சேலம் அப்பா: விசா ஃபீஸ் எவ்வளவு மேடம்?

பெரியவங்களுக்கு 90 யூரோ. ஆனா படிப்புக்காகப் போற ஸ்கூல் பசங்களுக்கும் கூட வர்ற டீச்சர்களுக்கும் ஷெங்கன் விசா ஃபீஸ் கிடையாது, விசா சட்டத்துலயே இருக்கு. ஸ்கூல் லெட்டர்ல எந்த இடத்துல என்ன படிக்கப் போறாங்கன்னு நாள் வாரியா எழுதணும், ப்ரோக்ராமும் நிஜமாவே அப்படி இருக்கணும், ஆறு ஊர் லிஸ்ட்டைக் குடுத்துட்டு படிப்புன்னு சொன்னா யார் ஒத்துக்குவாங்க? விண்ணப்பம் வாங்குற விசா சென்டரோட சர்வீஸ் சார்ஜ் தனி. இன்சூரன்ஸ் 30,000 யூரோ கவராவது இருக்கணும். அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட சம்மதக் கடிதம் வேணும்.

திருச்சி காலேஜ் லெக்சரர்: பசங்க அங்க போய் என்னதான் கத்துக்கிறாங்க? போட்டோ எடுத்துட்டு வந்துடுறாங்களே.

இதுக்காகத்தான் காத்துட்டு இருந்தேன். ரோம்ல இருக்கிற பாந்தியன்ங்கிற பழைய ரோமானியக் கோயிலை எடுத்துக்கோங்க. வெளில நெத்தில அக்ரிப்பாங்கிறவர் கட்டினதுன்னு லத்தீன்ல எழுதியிருக்கு, ஆனா இப்ப நிக்கிற கட்டடம் ஹேட்ரியன் சக்கரவர்த்தி காலத்துது, அக்ரிப்பா கட்டினது அதுக்கு முன்னாடி அங்க இருந்தது. உள்ள போனதும் நான் எதையும் சொல்ல மாட்டேன். கால் மணி நேரம் சும்மா பாருங்க, மூணு கேள்வி எழுதிட்டு வாங்கன்னு விட்டுடுவேன். முதல் அஞ்சு நிமிஷம் செல்ஃபிதான். அப்புறம் யாராவது ஒருத்தர் அண்ணாந்து பார்த்துட்டு 'மேல இவ்ளோ பெரிய ஓட்டை இருக்கே, மழை பெஞ்சா?'ன்னு கேப்பாங்க. கீழ பாருன்னு சொன்னா போதும், தரை நடுவுல லேசா மேடா இருக்கும், சின்னச் சின்ன வடிகால் ஓட்டை இருக்கும், குனிஞ்சு விரல வெச்சுப் பார்ப்பாங்க. அங்கிருந்து கான்கிரீட்டுக்கு வந்துடலாம். கம்பியே இல்லாம 43 மீட்டர் அகலக் குவிமாடம், கீழ கனமான கல்லு, மேல போகப் போக எடை குறைஞ்ச எரிமலைக் கல்லு கலந்து போட்டிருக்காங்க. தரையில இருந்து மேல ஓட்டை வரைக்கும் உள்ள உயரமும் அதே 43 மீட்டர். சிவில் படிக்கிற பசங்க அங்கேயே நோட்ல வரைய ஆரம்பிச்சுடுவாங்க. இதுக்கு ஒன்றரை மணி நேரம் வேணும், 'இருபது நிமிஷத்துல பஸ்'னு சொல்ற டூர்ல நடக்காது.

ஈரோடு அம்மா: விசா ஃபீஸ் உண்டா?

மேல சேலம்காரருக்குச் சொல்லியிருக்கேன் பாருங்கம்மா.

ட்ராவல்ஸ் வெச்சிருக்கேன்: மேடம், பேசறது ஈஸி. ஈஃபில் டவர் லிஸ்ட்ல இல்லேன்னா ஒரு பேரன்ட் கூட பணம் கட்ட மாட்டாங்க. ரெண்டு ஊர் பேக்கேஜ் விக்காது.

ஈரோடு அம்மா: அவர் சொல்றது சரிதானே? எங்களுக்கு இது வாழ்க்கைல ஒரு தடவை. நகையை வெச்சுப் பணம் கட்டுறோம், நாலு ஊர் பார்க்கட்டுமே.

அம்மா, நகையை வெச்சுக் கட்டுற பணம்ங்கிறதாலதான் இவ்ளோ சொல்றேன். அந்தப் பணத்துல பாதி ஹைவேக்கும் டீசலுக்கும் போறதை நீங்க பார்க்கல, நான் பார்க்கிறேன், ஜன்னல்ல தலையைச் சாய்ச்சுட்டு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டும்போது கூட பசங்க தூங்கிட்டு வருவாங்க, அவ்ளோ அசதி.

ட்ராவல்ஸ் சார், பாரிஸ் வேணும்னா வெச்சுக்கோங்க. பாரிஸ்ல இறங்கி ரோம்ல ஏறுற மாதிரி டிக்கெட் போடுங்க. பாரிஸ் மூணு ராத்திரி, அங்கிருந்து ஃப்ளைட்ல ஃப்ளாரன்ஸ், அப்புறம் ட்ரெயின்ல ரோம். ஈஃபில் டவரும் ஆச்சு. மூணுக்கு மேல நான் ஒத்துக்க மாட்டேன்.

ட்ராவல்ஸ் வெச்சிருக்கேன்: ரேட் ஏறுமே?

நாலு நாள் லாங் பஸ் குறையுது, லண்டன் விசா குறையுது, அதையும் கழிச்சுப் பாருங்க சார். டிக்கெட்லயும் மிச்சம் பண்ணலாம். ரோம்ல கொலோசியம், பாந்தியன், ஃப்ளாரன்ஸ்ல உஃபிஸி மியூசியம், பாரிஸ்ல லூவ்ர் மியூசியம் எல்லாமே 18 வயசுக்குள்ள எந்த நாட்டுப் பசங்களா இருந்தாலும் டிக்கெட் இலவசம், குரூப்னா முன்னாடியே புக் மட்டும் பண்ணணும். வாடிகன் மியூசியம் இந்தக் கணக்குல வராது, அது தனி நாடு, பசங்களுக்குக் குறைஞ்ச கட்டணம் உண்டு.

நெல்லைப் பையன்: அக்கா, செவ்வாய்க்கிழமை லூவ்ர் போறோம், ஏதாச்சும் டிப்ஸ்?

செவ்வாய் லூவ்ர் லீவுப்பா! தேதியை மாத்தச் சொல்லு. திங்கட்கிழமை பாரிஸ்ல ஓர்சே மியூசியமும் ஃப்ளாரன்ஸ்ல உஃபிஸியும் லீவு. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி லீவு நாளைப் பாருங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன்.

சுத்த சைவம்: சாப்பாடு?

பீட்சா, பாஸ்தா தாராளமா கிடைக்கும். ஆனா பார்மிஜானோ சீஸ்ல பாலைத் திரிய வைக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ரென்னெட் போடுவாங்க, மேல தூவ வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. ரோம்ல தெருவுக்குத் தெரு குழாய்ல நல்ல தண்ணி வரும், பாட்டில் கொண்டு போங்க.

கரூர் அப்பா: விசா...

மேல பாருங்க சார்.

மதுரை டீச்சர்: ஏஜென்ட்கிட்ட பேசிட்டேன், ரோமும் ஃப்ளாரன்ஸும்தான். எந்த மாசம் போறது?

ரொம்ப சந்தோஷம் டீச்சர். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம், வெயில்ல பசங்க சுருண்டுடுவாங்க. மே முதல் வாரம் தாண்டிப் போங்க, ஏப்ரல் 25, மே 1 ரெண்டும் இத்தாலில விடுமுறை, கூட்டம் தாங்காது. அரசு மியூசியம் எல்லாம் மாசத்தோட முதல் ஞாயிறு எல்லாருக்கும் இலவசம்னு ஒரு ஆசை காட்டுவாங்க, உங்க பசங்களுக்கு எப்பவுமே இலவசம்தானே, அந்த நாளைத் தவிர்த்துடுங்க. தோளும் முட்டியும் மறைக்கிற டிரஸ் ஒரு செட் எல்லார் பையிலயும் இருக்கட்டும், வாடிகன்ல வாசல்லயே நிறுத்திடுவாங்க.