கடலாமை முதல் கொல்லைப்புறப் பாம்பு வரை: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

கடலூரில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பங்குனி ஆமை முட்டையிடும் மாதங்களில் ராத்திரி கடற்கரையில் ஆமைத் தடம் தேடி நடப்பவர்களோடு பல வருடங்களாகப் போய் வருகிறேன். இயற்கையைப் பற்றி வீட்டிலும் ஊரிலும் எப்படிப் பேசுவது என்று இந்த வாரம் நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அம்மா: எட்டு வயதுப் பையன் போனை விட்டு நகர மாட்டேன் என்கிறான். பக்கத்தில் காடும் இல்லை. எங்கே கூட்டிப் போவது டீச்சர்?

காடு வேண்டாம் அம்மா. உங்களுக்கு ஊசுடு ஏரி இருக்கிறதே! புதுச்சேரிக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்கும் பொதுவான ஏரி அது. புதுச்சேரிப் பக்கத்தை 2008-லேயே பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். கார்த்திகையிலிருந்து மாசி வரை காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். ஒவ்வொரு முறையும் கரையில் அதே இடத்தில் உட்காருங்கள். புது இடம் புது இடமாகப் போனால் பிள்ளைக்கு வேடிக்கைதான் மிஞ்சும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் "போன மாசம் இருந்த வாத்து எங்கே?" என்று அவனே கேட்பான்.

போனதும் பெயர் சொல்லிக் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். நத்தைகுத்தி நாரை ஒன்றைக் காட்டி, "அதன் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியுதே, ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். அது சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவி நத்தையை எடுக்கும். அலகு நுனியை ஓட்டுக்குள் செலுத்தி, தலையை லேசாகத் திருப்பி, சதையை மட்டும் இழுத்துக்கொள்ளும். நான் கூட்டிப்போன ஒரு பையன் இதை முக்கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் பார்த்தான். வீட்டுக்குப் போனதும் அவன் அம்மாவிடம் முதலில் சொன்னது அந்த நத்தையைப் பற்றித்தான்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி: காலையில் மணலில் டிராக்டர் டயர் போனது மாதிரி தடம் இருந்தது. ஆமை என்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

ஆமைதான் தம்பி. தை மாதத்திலிருந்து பங்குனி வரை நம் கரைக்கு வரும். பங்குனி ஆமை என்று பெயர் வந்ததும் அதனால்தான். தடம் மேலே ஏறி, ஓரிடத்தில் மணல் கலைந்து, வேறு வழியாகக் கடலுக்குத் திரும்பியிருந்தால் பெரும்பாலும் அங்கே முட்டை இருக்கும். ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டை அளவுக்கு இட்டுவிட்டு, மணலை மூடி, தன் உடம்பாலேயே தட்டி இறுக்கிவிட்டுப் போகும்.

தோண்டாதீர்கள். தடத்தை அழித்துவிடாமல், நாய் வராமல் ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் முட்டைகளை வேலி போட்ட பொரிப்பகத்துக்கு எடுத்துப் போவார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளியே வரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம்.

இன்னொன்று, விளக்கு. குஞ்சுகள் வெளிச்சமான பக்கம் பார்த்துத்தான் ஊரும். இயல்பாகக் கடல் பக்கம் வானம்தான் வெளிச்சமாக இருக்கும். இப்போது கடற்கரை விளக்கும் ஓட்டல் விளக்கும் அதைவிடப் பளிச்சென்று எரிகின்றன. சாலையை நோக்கிப் போய், விடிந்ததும் வெயிலில் காய்ந்து கிடந்த குஞ்சுகளை நானே பொறுக்கியிருக்கிறேன். உள்ளங்கையில் வைத்தால் ஒரு பிஸ்கட் அளவுகூட இருக்காது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, குஞ்சு வெளிவரும் மாதங்களில் மட்டும் கரையோர விளக்குகளை ராத்திரியில் அணைக்க முடியுமா என்று கேளுங்கள்.

சாமியார்பேட்டைப் பக்கமிருந்து ஒரு மீனவர் மகள்: ஆமை செத்து ஒதுங்கினால் எல்லோரும் எங்களைத்தான் திட்டுகிறார்கள். என் அப்பா கோபப்படுகிறார். எப்படிப் பேசுவது?

உன் அப்பாவின் கோபம் நியாயம் அம்மா. முதலில் அதை ஒத்துக்கொண்டுதான் பேச்சையே ஆரம்பிக்க வேண்டும்.

நடப்பது இதுதான். ஆமைக்குச் செவுள் இல்லை, மேலே வந்து மூச்சு விட வேண்டும். விசைப்படகு பின்னால் இழுத்துப் போகும் இழுவை வலையில் மாட்டினால், மணிக்கணக்கில் இழுபட்டு மூச்சு முட்டிச் சாகும். தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. ஆமை கூடுவதும் சின்னப் படகுக்காரர்கள் வலை போடுவதும் அந்தத் தண்ணீரில்தான். அந்த எல்லையை மதித்தால் ஆமையும் பிழைக்கும், ஃபைபர் படகுக்காரருக்கும் மீன் கிடைக்கும். உன் அப்பாவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஆரம்பத்தில் ஒரு குப்பத்தில் ஆமையைக் காப்பாற்றுங்கள் என்று அரை மணி நேரம் பேசினேன். முடிந்ததும் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "ஆமைய வெளிய விடுறதுக்கு வலைய அறுத்தேன். அந்தக் காசு யார் குடுப்பா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வலையில் மாட்டிய ஆமையை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டேன். முன் துடுப்பில் சுற்றிய நூலை எங்கே அறுத்தால் வலை கம்மியாகச் சேதமாகும் என்று கையிலேயே செய்து காட்டினார். அதற்குப் பிறகு நான் எந்தக் குப்பத்திலும் முதலில் பேசுவதில்லை, கேட்கிறேன். அப்பாவிடம் நீயும் ஆமையைப் பற்றிக் கேட்டுப் பார். அவர் சொல்வதை எழுதி வை.

நெல்லிக்குப்பத்திலிருந்து: கொல்லையில் பாம்பு வந்தாலே அடித்துவிடுகிறார்கள். விடச் சொன்னால், கடித்தால் நீ பார்ப்பாயா என்கிறார்கள்.

பயம் உண்மையானது. அதைக் கேலி செய்தால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். கரும்புக் காட்டில் எலி இருக்கும், எலிக்குப் பின்னால் சாரை வரும். சாரைக்கு விஷம் கிடையாது. நம் பக்கம் அதிகம் கடித்து உயிரை எடுப்பவை நாலு: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன். எது என்று தெரியாவிட்டால் பக்கத்தில் போகாமல், தூரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். வந்து பிடித்துப் போவார்கள். விறகு, செங்கல் குவியலை வீட்டை ஒட்டிப் போடாதீர்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் கொல்லைக்குப் போகாதீர்கள்.

கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். மந்திரிக்கப் போய் நேரத்தை இழக்காதீர்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து: பச்சைக்கிளி வளர்க்கலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முருங்கையும் கொய்யாவும் வையுங்கள், கிளி தானாக வரும்.

சிதம்பரத்திலிருந்து ஒரு மாணவர்: பிச்சாவரம் அலையாத்திக் காடுதான் சுனாமியைத் தடுத்தது என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. 2004 டிசம்பர் 26 அன்று அலையாத்தி மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. கடலுக்கு நேர் எதிரே இருந்த ஊர்களுக்கு அந்தக் காப்பு கிடைக்கவில்லை. அலையின் வேகத்தை மரம் தணிக்கும், எல்லாவற்றையும் நிறுத்திவிடும் என்று சொல்லி மக்களை ஏமாற்றக் கூடாது.

உங்கள் ஊர்க்காரர்களிடம் நான் தில்லையிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன். தில்லை மரம்தான் கோயிலின் தல மரம், ஊரின் பழைய பெயரும் அதுதான். ஊருக்குள் தேடினால் கிடைப்பது கஷ்டம், பிச்சாவரத்தில் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் எரியும், ஒடிக்காமல் பாருங்கள். ஒரு காலத்தில் பகுதி பகுதியாக மொத்த மரத்தையும் வெட்டியதில் அங்கே மண் தாழ்ந்து, தண்ணீர் தேங்கி, உப்பு ஏறி, கன்று வைத்தாலும் பிழைக்கவில்லை. அப்புறம் மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, கடல் நீர் ஏறி இறங்க வழி செய்த பிறகுதான் காடு திரும்பியது. 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

தாழங்குடாவிலிருந்து: கடற்கரையில் மரம் நட ஆசை. என்ன வைக்கலாம்?

ஊருக்குள் புன்னை, பூவரசு, புங்கன். அலை தொடும் மணலை ஒட்டி எதுவும் வேண்டாம், சவுக்கு அறவே வேண்டாம், ஆமைக்கு இடம் போய்விடும். அடம்பங்கொடி தானாகப் படர்ந்திருந்தால் அதைப் பிடுங்காமல் விட்டாலே போதும்.

கல்லூரி மாணவி ஒருவர்: ராத்திரி ஆமை நடைக்கு நானும் வரலாமா? என்ன எடுத்து வர வேண்டும்?

தாராளமாக வா. சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச், தண்ணீர், கறுப்பு அல்லது கரும்பச்சை உடை. போனில் ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. ஆமை கரையேறினால் பத்து அடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட வேண்டும், அது கடலுக்குத் திரும்பும் வரை எழுந்திருக்கக் கூடாது. சில ராத்திரி ஆறு கிலோமீட்டர் நடந்தும் ஒரு தடம்கூட இருக்காது. வீட்டில் சொல்லிவிட்டு வா.