ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன் என்று கை வைத்தேன்

(கடிதம் எழுதியவரையும் அவர் குறிப்பிடும் பிள்ளையையும் அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன. கடிதம் கிடைத்த அன்றே ஆலோசகர் அவருடன் தொலைபேசியில் பேசிவிட்டார்.)

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து கிழக்கே உள்ளுக்குப் போகிற ஒரு கிராமத்தில் நான் வாலிபர் ஊழியம் செய்கிறேன். முப்பது வயது. குருப்பட்டம் பெற்றவன் இல்லை. சபை தருகிற கொடுப்பனவும் மனைவியின் முன்பள்ளிச் சம்பளமும் சேர்ந்துதான் வீடு ஓடுகிறது. ஒரு மகள் இருக்கிறாள்.

ஊழியக்காரன் என்றதும் ஆட்கள் பிரசங்கத்தைத்தான் நினைப்பார்கள். என் வேலையில் பிரசங்கம் கொஞ்சம். தாய் விடியவே வயலுக்குப் போய்விட்டால் பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்குவது, பிரதேச செயலகத்தில் யாருக்காவது படிவம் நிரப்பிக் கொடுப்பது, பின்னேரம் பெடியளோடு கிரிக்கெட், சனிக்கிழமை வாலிபர் கூட்டத்துக்கு கீபோர்ட் வாசிக்கிறவன் வராவிட்டால் தெரிந்த இரண்டு கோர்ட்ஸை வைத்து நானே சமாளிப்பது, இப்படித்தான் நாள் போகும். இரவு பத்து மணிக்குப் பிறகு வட்ஸ்அப்பில் வருவதுதான் பெரிய ஊழியம். நுண்கடன்காரன் வாசலை விட்டுப் போகமாட்டேன் என்கிறான் என்று ஒருத்தி. தமையன் ஐஸ் போதைப்பொருள் பாவிக்கிறான், அம்மாவுக்குத் தெரியாது என்று ஒருத்தன். காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்காரனிடம் கட்டிய காசு போய்விட்டது என்று இன்னொருத்தன். காணாமல் போன அப்பாவுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால் நாங்களே அவரைக் கொன்ற மாதிரி ஆகாதா என்று கேட்ட பிள்ளைக்கு, என்ன சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் மீன் பொரித்தால் நாலு வீட்டுக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில், என்னிடம் சொன்னது வெளியே போகாது என்பதால்தான் வருகிறார்கள். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

இப்போது ஒரு பிள்ளை. உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிறான். சைவக் குடும்பம். கிரிக்கெட்டுக்காக வந்து, மெல்ல மெல்லக் கூட்டத்திலும் இருக்கத் தொடங்கினவன். போன கிழமை ஒரு இரவு, "நான் இல்லாவிட்டால் அம்மாவுக்கு ஒரு பாரம் குறையும் அண்ணா" என்று எழுதினான். விடிந்ததும் நேரே போய்க் கண்டேன். என் பைபிளையே எடுத்து நீட்டி, "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன் எண்டு இதில கை வைச்சுச் சொல்லுங்கோ" என்றான். வைத்தேன். வைக்காவிட்டால் எழும்பிப் போயிருப்பான்.

தாயிடம் சொன்னால், வேதக்காரரிடம் போய்த்தான் பிள்ளை இப்படி ஆனான் என்று ஊர் பேசும். மதம் மாற்ற வந்தவன் என்ற பெயர் சிலரிடம் எனக்கு ஏற்கெனவே உண்டு. அவனும் அதற்குப் பிறகு என்னோடு கதைக்க மாட்டான். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று எழுதவே கை வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சில மாதங்களாக முழங்காலில் நின்றால் உள்ளே ஒன்றும் இல்லை. யாராவது அழுதால், எப்போது முடிப்பார்கள் என்று மணிக்கூட்டைப் பார்க்கிறேன். நம்பிக்கையைப் பற்றிப் பேசிவிட்டு வருகிற வழியில் மோட்டார் சைக்கிளை ஓரமாக விட்டுவிட்டுச் சும்மா நிற்கிறேன். நான் ஒரு வேஷக்காரன் என்று தோன்றுகிறது. போதகர் உபவாசம் இருக்கச் சொன்னார். மனைவி போனைக் குளத்தில் எறியப்போவதாகச் சொல்கிறா.

களைப்பு என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. உருத்திரபுரம் பங்கில் இருந்த சரத்ஜீவன் அடிகளார் கத்தோலிக்கர், நாங்கள் வேறு சபை. ஆனாலும் இங்கே ஊழியம் செய்கிற எங்களுக்கு அவர்தான் அளவு. கடைசிவரை சனத்தோடு நின்று 2009 மே 18 அன்று இறந்துபோனவர். யுத்தம் முடிந்த அந்த நாட்களில் எனக்குப் பதினாலு வயது. மாத்தளனில் அண்ணாவை விட்டுவிட்டு வந்தோம். அதைப் பற்றி இங்கே எழுத வரவில்லை.

என் விசுவாசம் போய்விட்டதா அம்மா? அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை நான் என்ன செய்வது?

இப்படிக்கு,
ஒரு வாலிபர் ஊழியர், கிளிநொச்சி மாவட்டம்


அன்புள்ள தம்பி,

பிள்ளையின் விஷயத்தை அன்றைக்கே போனில் கதைத்துவிட்டோம். உங்களைப் போன்ற ஊழியர்களும் ரியூசன் ஆசிரியர்களும் விளையாட்டுப் பயிற்றுநர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் அதையே முதலில் எழுதுகிறேன்.

அந்த வாக்கு செல்லாது. நான் சைவக்காரி, ஆனால் படித்தது மிஷன் பாடசாலையில். வேதபாட வகுப்பில் யெப்தாவின் கதையைக் கேட்ட அன்று நான் நித்திரை கொள்ளவில்லை. நியாயாதிபதிகள் 11ஆம் அதிகாரம், உங்களுக்குத் தெரியாததா? வென்று திரும்பினால் வீட்டு வாசலில் எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று பொருத்தனை பண்ணினான். வந்தது மகள். அவன் வாக்கைக் காப்பாற்றினான். எபிரெயர் நிருபத்தில் விசுவாசிகளின் வரிசையில் அவன் பெயரும் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கட்டும். அது அந்தப் பெண்பிள்ளைக்குச் செய்ததற்காக இல்லை என்றுதான் நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் வாக்கை அவனுக்குத் தெரியாமல் உடைக்கக்கூடாது. முதலில் அவனிடமே போக வேண்டும். "உன் உயிர் எனக்கு அந்தச் சத்தியத்தைவிடப் பெரிது. நான் சொல்லத்தான் போகிறேன். யாரிடம், எப்படி, யார் முதலில் வாய் திறப்பது என்பதை நீ சொல்லு, நான் கேட்கிறேன்." இவ்வளவும் போதும். கோபிப்பான். சில நாள் முகம் பார்க்க மாட்டான். கோபித்துக்கொள்ள ஒரு அண்ணா இருக்கிறார் என்பதும் அவனுக்கு ஒரு பிடிதான்.

நேரடியாகக் கேளுங்கள்: "சாக வேண்டும் என்று யோசிக்கிறியா? எப்படி என்றும் யோசித்திருக்கிறியா?" கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று எங்கள் ஆட்கள் பயப்படுவார்கள். அப்படி வராது. கேட்டவுடன் பெருமூச்சு விட்டு அழுத பிள்ளைகளைத்தான் நான் கூடுதலாகக் கண்டிருக்கிறேன். ஓம், யோசித்திருக்கிறேன் என்று சொன்னால் அவனைத் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போக வேண்டும். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. இரவில் என்றால் 1926, தேசிய மனநல உதவித் தொலைபேசி. அந்த இலக்கத்தை உங்கள் வாலிபர் குழுவில் எல்லாரும் போனில் பதிந்து வைத்திருக்கட்டும்.

பிள்ளையின் வீடு வயல் செய்கிற வீடு என்று போனில் சொன்னீர்கள். பயிருக்கு அடிக்கிற மருந்தெல்லாம் அங்கிருந்து எடுக்கப்பட வேண்டும், குறைந்தது பூட்டப்பட வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. 1995ஆம் ஆண்டளவில் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்திருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. மிகக் கொடிய பயிர்நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்யத் தடைசெய்ய, பிறகு வந்த ஆண்டுகளில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. சனத்தின் கவலை குறைந்ததால் இல்லை. யுத்தம், கடல்கோள், கடன் எல்லாம் அந்தக் காலத்துக்குள்தான் வந்தன. உயிரை முடிக்க வேண்டும் என்ற அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் நஞ்சு இருக்கக்கூடாது. அவ்வளவுதான்.

தாயிடம் கதைக்கும்போது அவன் பக்கத்தில் இருக்க வேண்டும். அவனுக்குப் பிடித்த மாமாவோ ஆசிரியரோ வந்தால் இன்னும் நல்லது. அன்றைக்கு நீங்கள் பைபிள் கொண்டுபோக வேண்டாம், வீட்டார் கேட்காமல் ஜெபமும் வேண்டாம். அவனுடைய அண்ணாவாக மட்டும் போங்கள். பொலிசுக்குத் தெரிந்தால் வழக்கு வருமோ என்று தாய் பயந்தால், தற்கொலை முயற்சி இந்த நாட்டில் 1998 முதல் குற்றம் இல்லை என்று சொல்லுங்கள். ஊர் பேசத்தான் செய்யும். நீங்கள் சொல்லாமல் இருந்து ஏதும் நடந்தாலும் இதே ஊர் இதைவிட மோசமாகப் பேசும், அதனால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

சரி, இனி உங்களுக்கு வருவோம்.

ஊரின் இரகசியம் எல்லாம் உங்களிடம் இருக்கிறது. உங்களுடையது யாரிடம் இருக்கிறது? கடிதத்தில் மற்றவர்களுடைய துன்பத்துக்கு ஒரு பந்தி முழுக்க வைத்தீர்கள். உங்கள் அண்ணாவுக்குக் கிடைத்தது ஒரு வரி, அதற்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டீர்கள். நான் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தது அந்த இடத்துக்காகத்தான்.

மணிக்கூட்டைப் பார்ப்பது வேஷம் இல்லை. மற்றவர்களின் துயரத்தைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு வருகிற மரத்துப்போதலைப் பற்றி சார்ள்ஸ் ஃபிக்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தொண்ணூறுகளிலேயே எழுதியிருக்கிறார். தாதிமாருக்கும் ஆலோசகர்களுக்கும் வரும், எனக்கும் வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் வேலையால் எரிந்துபோதலைத் தன் வகைப்பாட்டில் எழுதியபோது மூன்றைச் சொன்னது: சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, நான் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது. உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன.

ஆனால் அந்தப் புத்தகங்கள் ஒன்றைச் சேர்த்து எழுதவில்லை. கேட்பவர் வேறு, பாதிக்கப்பட்டவர் வேறு என்ற நினைப்பில்தான் அவை பெரும்பாலும் எழுதப்பட்டவை. வன்னியில் அப்படி யார் இருக்கிறார்கள்? கிராம அலுவலரும் ஆசிரியரும் ஊழியரும் எல்லாரும் அதே பாதையால் நடந்து, அதே செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் வரிசையில் நின்று வந்தவர்கள். வடக்கின் மனக்காயம் தனி ஆளுடையது மட்டுமல்ல, குடும்பத்துடையதும் சமூகத்துடையதும் என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். அந்தப் பிள்ளைகள் தகப்பனைப் பற்றிச் சொல்லும்போது உங்களுக்குள் இருக்கிற பதினாலு வயதுப் பெடியனும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனை அடக்கி வைக்கவே உங்கள் சக்தியில் பாதி போகிறது என்பது என் ஊகம்.

சரத்ஜீவன் அடிகளாரை எடுத்து உங்களை அடிக்காதீர்கள். அது பேரழிவின் நடுவில், நாளைக்கு இருப்போமா என்று தெரியாத நாட்களில் ஒரு மனிதர் செய்தது. நீங்கள் செய்வது பள்ளிக்கூடமும் கடனும் கலியாணமுமாக வருடக்கணக்கில் நீள்கிற வேலை. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. அவர் உயிரோடு இருந்திருந்தால் ஊழியர்களுக்கு ஓய்வு கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருப்பாரோ என்னவோ, எங்களுக்கு எப்படித் தெரியும்?

விசுவாசம் போய்விட்டதா என்பதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நித்திரை இல்லாதவனுக்குச் சாப்பாட்டில் உப்பா உறைப்பா என்றே தெரியாது என்பது மட்டும் தெரியும். அதனால் இப்போதைக்கு உபவாசம் வேண்டாம், போதகரிடம் வைத்திய ஆலோசனை என்று சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் போன் மனைவியின் கையில் இருக்கட்டும். கூட்டத்தில் மூத்த பெடியள் இரண்டு பேரையும், தங்கச்சிமார் நம்பிக் கதைக்கக்கூடிய ஒரு அக்காவையும் இதற்குப் பழக்குங்கள். நித்திரைக் குழப்பமும் ஒன்றிலும் பிடிப்பில்லாத தன்மையும் இரண்டு கிழமைக்கு மேல் தொடர்வதால், பிள்ளைக்குச் சொன்ன அதே கிளினிக்குக்கு நீங்களும் ஒருமுறை போய் வாருங்கள். ஊரில் காண்பார்கள் என்றால் வவுனியாவுக்குப் போங்கள்.

மாதம் ஒருமுறையாவது ஊருக்கு வெளியே ஒருவரிடம் நீங்கள் கதைக்க வேண்டும். மன்னாரில் வேறு சபை ஊழியர் ஒருவராக இருக்கலாம், ஓய்வுபெற்ற குருவாக இருக்கலாம். மற்றவர்களின் பெயர் சொல்லத் தேவையில்லை, உங்களைப் பற்றித்தானே பேசப்போகிறீர்கள். அப்புறம், அண்ணாவைப் பற்றி மனைவிக்கு எவ்வளவு தெரியும்? போனைக் குளத்தில் எறிய நினைக்கிறவ அதைக் கேட்க எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறாவோ. மே மாதத்தில் முகாம், விசேஷக் கூட்டம் எதையும் உங்கள் பொறுப்பில் வைக்காதீர்கள். அந்த மாதம் வருவதற்கு முன்னரே உடம்பு கனக்கத் தொடங்குவது இங்கே நிறையப் பேருக்கு உண்டு.

மரணச் சான்றிதழ் பற்றிக் கேட்ட பிள்ளைக்கு ஒரு பதில் இருக்கிறது. 2016இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் பதிகிற சான்றிதழ் ஒன்று எடுக்கலாம். காணி, வங்கி விஷயங்களுக்கு அது உதவும். எடுப்பதா வேண்டாமா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு, நீங்கள் அவசரப்படுத்த வேண்டாம்.

பிள்ளை மாமாவோடு கிளினிக்குக்குப் போய்வந்ததாக நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. உங்களோடு இன்னும் கதைக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். விடுங்கள், மைதானத்தில் வழமைபோல் அவனுக்கும் ஒரு இடம் வைத்திருங்கள். அடுத்த திகதி தவறாமல் மட்டும் பாருங்கள். அதற்கும் நீங்கள் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், தாய் போகட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்