கணக்கை முடித்தவனுக்கு இன்னும் பத்துக் கணக்கா?

அன்புள்ள ஐயா,

மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 6 இற்குக் கணிதம் படிப்பிக்கிறேன். ஒரு பெடியன் நான் கரும்பலகையில் எழுதி முடிக்க முன்னமே விடையைச் சொல்லிவிடுகிறான். கொப்பி ஒரே கிறுக்கல். செய்த வழியை எழுது என்றால் "அது தெரியும்தானே ரீச்சர்" என்கிறான். பிறகு பக்கத்துப் பிள்ளைகளைக் குழப்புவான். மேலதிகமாகப் பத்துக் கணக்குக் கொடுத்துப் பார்த்தேன். இப்போது வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி எடுக்காத பிள்ளை என்பதால், மீத்திறன் மாணவன் என்று நான் சொன்னால் மற்ற ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். திருகோணமலை ரவுணில் ஹொஸ்டலில் விட்டுப் படிப்பிக்கலாமா என்று தாய் கேட்கிறார். என்ன சொல்ல?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சர்,

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். 1921 இல் லூயிஸ் ரேர்மன் என்ற உளவியலாளர் கலிபோர்னியாவில் நுண்ணறிவுச் சோதனை வைத்து ஆயிரத்துக்கு மேற்பட்ட மீத்திறன் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார். அதில் எடுபடாமல் போன சிறுவர்களில் இருவர் வில்லியம் ஷொக்லியும் லூயிஸ் அல்வாரெஸும். பின்னாளில் இருவருக்கும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது, 1956 இலும் 1968 இலும். தெரிவானவர்களில் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை. ஐந்தாம் ஆண்டுச் சோதனை மட்டும் எல்லாரையும் பிடித்துவிடுமா?

அதற்காக உங்கள் பெடியன் மீத்திறன் மாணவன்தான் என்று நானும் அடித்துச் சொல்லமாட்டேன். யோசெப் ரென்சுலி என்ற கல்வியியலாளர் 1978 இல் மூன்று விஷயம் சேரவேண்டும் என்றார்: சராசரிக்கு மேலான ஆற்றல், ஆக்கத்திறன், எடுத்ததை விடாத பிடி. முதலாவது இவனிடம் தெரிகிறது. மூன்றாவது இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அவன் தடுக்கி விழுகிற மாதிரி ஒரு கணக்கை இதுவரை யாரும் கொடுக்கவில்லையே.

அந்தப் பத்துக் கணக்கு அவனுக்குத் தண்டனையாகத்தான் பட்டிருக்கும். கெதியாய் முடித்தால் வேலை கூடும் என்று கண்டதும் மெதுவாகிவிட்டான். (புத்தியில்லாத பிள்ளை செய்கிற வேலையா அது?) இப்படிச் செய்து பாருங்கள். பயிற்சியில் உள்ள மிகக் கடினமான நாலு கணக்கை முதலில் கொடுங்கள். சரியாகச் செய்பவருக்கு மிச்சக் கணக்கு வேண்டாம். இதை முழு வகுப்புக்கும் பொதுவாக வையுங்கள். அப்போதுதான் ஒருவனுக்கு மட்டும் சலுகை என்ற பேச்சு வராது. பின்வாங்கில் வாய் திறக்காமல் இருக்கிற யாராவது ஒரு பிள்ளையும் அதில் வெளியே வரக்கூடும்.

மிச்சம் பிடித்த நேரத்துக்கு, அதே பின்னப் பாடத்திலிருந்தே ஒன்று தருகிறேன். மூன்று வெவ்வேறு அலகுப் பின்னங்களை, அதாவது மேலே 1 வருகிற பின்னங்களை, கூட்டி 1 எடுக்கவேண்டும். அரை, மூன்றிலொன்று, ஆறிலொன்று என்று சட்டென்று சொல்லிவிடுவான். "சரி, வேறு விடை இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை. ஏன் இல்லை என்று காட்டு என்றால்தான் விளையாட்டே தொடங்கும். அரையை விட்டுவிட்டால் ஆகக் கூடியது மூன்றிலொன்று, நாலிலொன்று, ஐந்திலொன்று. கூட்டினால் 47/60, ஒன்றைத் தொடாது. ஆக, அரை வந்தே ஆகவேண்டும். இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு தப்ப முடியாது, எழுதத்தான் வேண்டும். கொப்பிப் பிரச்சினையும் பாதி தீரும். நாலு பின்னம் என்றால் ஆறு விடை உண்டு. அது ஒரு கிழமைக்குக் காணும்.

மெல்லக் கற்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்தி இவனைப் படிப்பிக்க விடுவது எப்போதாவது நல்லது. நாள்தோறும் வேண்டாம், அவனும் படிக்கத்தானே வந்தான். விஞ்ஞான ஆசிரியரிடமும் ஒரு சொல் போட்டு வையுங்கள். திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க, சூடு மட்டும் ஏன் ஒன்றுக்கொன்று வித்தியாசம் என்று இவன் கேட்டால், பாடத்தில் இல்லை என்று இருத்திவிட வேண்டாம்.

தாயிடம் இந்த வருடம் பொறுக்கச் சொல்லுங்கள். ரவுண் வகுப்பிலும் இதே பாடவிதானம்தான், அங்கேயும் பத்துக் கணக்குக் கொடுக்கிற ஆசிரியர் கிடைக்கலாம். பதினொரு வயதில் ஹொஸ்டல் எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. அடுத்த வருடம் அவனே போகவேண்டும் என்று கேட்டால் அப்போது யோசிக்கலாம்.