மெட்ரோ வாசலில் ஹார்டுவேர் கடை: இருப்பதா, நகர்வதா?

கேள்வி: வளசரவாக்கத்தில் ஆற்காடு சாலை மேலேயே எங்கள் ஹார்டுவேர், பெயின்ட் கடை இருக்கிறது. அப்பா 1994-ல் ஆரம்பித்தது, வாடகை இடம். மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்த பிறகு, மாதம் 9 லட்சமாக இருந்த விற்பனை 5 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. இப்போது வாடகை 28,000 ரூபாய். ரயில் ஓடினால் இடத்துக்கு மதிப்பு கூடும் என்று சொல்லி உரிமையாளர் 50,000 கேட்கிறார். பழைய ஒப்பந்தம் முடிந்து பல வருடங்கள் ஆகின்றன, புதிதாக எதுவும் எழுதவில்லை. கடையைக் குன்றத்தூர் பக்கம் கொண்டுபோய்விடலாம் என்கிறான் தம்பி. இவ்வளவு நாள் பொறுத்தோம், ரயில் வந்ததும் கூட்டம் வரும் என்கிறார் அப்பா. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கூட்டம் வரும் என்று அப்பா சொல்வது சரிதான். வளசரவாக்கம் சாதாரண நிலையமாக இருக்கப்போவதில்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் போகும் நான்காம் வழித்தடமும், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் ஐந்தாம் வழித்தடமும் உங்கள் பகுதியில் ஒரே தூண்களின் மேல் இரண்டு அடுக்காக அமைகின்றன. ஆழ்வார்திருநகர், வளசரவாக்கம், காரம்பாக்கம், ஆலப்பாக்கம் என்று ஏறத்தாழ 4 கி.மீ. தூரத்துக்கு இப்படித்தான். இரண்டு தடத்துப் பயணிகளும் ஒரே நிலையத்தில் ஏறி இறங்குவார்கள். அதனால் உங்கள் உரிமையாளர் கேட்கும் தொகையைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. அந்த வாடகையைக் கொடுக்க ஆள் வரும்.

ஆனால் வரப்போகும் கூட்டம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். மெட்ரோவில் இறங்குபவர் நடந்து வருகிறார், தோளில் பையோடு. அவர் டீ குடிப்பார், மருந்து வாங்குவார், பேக்கரியில் நிற்பார், செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுவார். 20 லிட்டர் பெயின்ட் வாளியையோ பத்தடிக் குழாயையோ தூக்கிக்கொண்டு அவர் ரயில் ஏறப்போவதில்லை. உங்களிடம் பெரிய தொகைக்கு வாங்குபவர் பைக்கிலோ குட்டி யானையிலோ வருகிற மேஸ்திரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன், வீடு கட்டுகிற குடும்பம். இவர்களுக்கு வேண்டியது கடை வாசலில் பத்து நிமிடம் வண்டி நிறுத்த இடம். வேலை முடிந்து தடுப்பை எடுத்தாலும் நடுவில் தூண் வரிசை அப்படியே இருக்கும், எதிர்ப்பக்கம் திரும்பிவரச் சுற்ற வேண்டும், நிலையத்தை ஒட்டி வாகனம் நிறுத்தவும் கெடுபிடி இருக்கும். இப்போது போன 4 லட்சத்தில் ஒரு பகுதி திரும்பி வரும். முழுவதும் வரும் என்று கணக்குப் போட்டு வாடகை பேசாதீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். உங்கள் தொழிலில் விற்பனையில் சராசரியாக 15 சதவீதம் மொத்த லாபம், அதாவது சரக்கு வாங்கிய விலை போக மிஞ்சுவது, நிற்பதாக வைத்துக்கொள்கிறேன். உங்களுடையது கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், பில் புத்தகத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். சில்லறைக் கடைகளுக்கு நான் சொல்லும் வரம்பு ஒன்று உண்டு: மொத்த லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை போகக்கூடாது. அதைத் தாண்டினால் ஆள் கூலி, கரன்ட் பில், கடன் வட்டி எல்லாம் போக வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்றும் மிஞ்சாது. இப்போது 5 லட்சம் விற்பனைக்கு மொத்த லாபம் 75,000. அதில் 28,000 வாடகை என்பதே வரம்பைத் தாண்டிவிட்டது. வாடகை 50,000 ஆனால் 1,50,000 மொத்த லாபம் வேண்டும், அதற்கு மாதம் 10 லட்சம் விற்க வேண்டும். தடுப்பு வருவதற்கு முன்பே நீங்கள் தொட்டது 9 லட்சம்தான். இந்தக் கணக்கை அப்பாவோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் போட்டுப் பாருங்கள். அவர் முப்பது வருடம் கடை நடத்தியவர், எண்ணைப் பார்த்தால் அவருக்கே புரியும்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு மாதம் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு பில்லிலும் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: வாங்கியவர் தொழில்காரரா, வீட்டுக்காரரா, வழியில் போகிறவரா, எந்தத் தெருவிலிருந்து வந்தார், எதில் வந்தார். பற்று வைத்து வாங்கும் மேஸ்திரிகளுக்குத் தனிப் பக்கம். உங்கள் மாதிரிக் கடைகளில் விற்பனைத் தொகையில் பெரும்பகுதி சில டஜன் தொழில்காரர்களிடமிருந்து வருவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கடைக்காரருக்காகவும், சரக்குக்காகவும், பற்றுக்காகவும் வருகிறவர்கள். இரண்டு தெரு தள்ளிப் போனாலும் கூடவே வருவார்கள். ஒரு பல்பு, ஒரு பூட்டு வாங்கும் வழிப்போக்கர் வரமாட்டார். அந்த இரண்டாவது கூட்டம் உங்கள் லாபத்தில் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், மெயின் ரோட்டு முகப்புக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

இனி சட்டப் பக்கம். இதில்தான் நீங்கள் உடனே கவனிக்க வேண்டியது இருக்கிறது. அப்பா காலத்தில் 1960-ம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லி மனுப் போடலாம், வழக்கு வருடக்கணக்கில் ஓடும். அது இப்போது இல்லை. 2017-ல் இயற்றி 22 பிப்ரவரி 2019 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் கடைகளுக்கும் பொருந்தும். இதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். வாடகை எவ்வளவு, எப்போது எவ்வளவு ஏறும் என்பதை ஒப்பந்தம்தான் தீர்மானிக்கும். எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணமாகக் காட்டி உங்களை வெளியேற்ற உரிமையாளர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். முப்பது வருடமாக இருக்கிறோம் என்பது அங்கே கைகொடுக்காது. அதே சமயம், அவர் தன் இஷ்டத்துக்குப் பூட்டுப் போடவோ மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தவோ சட்டம் இடம் தரவில்லை. வாடகையை ரொக்கமாகக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இந்த மாதத்திலிருந்தே வங்கி வழியாக அனுப்புங்கள்.

அவரோடு பேசும்போது சண்டையாகப் பேசாதீர்கள். நல்ல வாடகைதாரருக்கு மதிப்பு உண்டு. தூசியும் தடுப்புமாக இருந்த காலத்தில் கடையைக் காலி செய்யாமல் வாடகை கொடுத்தவர் நீங்கள். அதைச் சொல்லிக் கேட்கலாம். கேட்க வேண்டியது இதுதான்: சாலை முழுவதும் திறந்து உங்கள் நிலையத்தில் ரயில் நிற்கும் நாள் வரை இப்போதைய வாடகை, அதன் பிறகு மூன்று வருடங்களில் படிப்படியாக உயர்வு. அவர் ஒப்புக்கொண்டால் இன்னும் கொஞ்ச காலம் அங்கேயே இருந்து பார்க்கலாம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளரிடம் பதிவு செய்தே ஆக வேண்டும். 11 மாதம் என்று எழுதி வருடாவருடம் புதுப்பிக்கும் வழக்கம் உங்களுக்குப் பாதுகாப்புத் தராது. அட்வான்ஸ் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது அந்தச் சட்டம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மெட்ரோ வழியில் இருக்கும் பழைய ஒற்றை மாடிக் கட்டடங்களை இடித்து, பில்டரோடு சேர்ந்து புதிதாகக் கட்டும் ஆசை எல்லா உரிமையாளர்களுக்கும் வரும். இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யச் சொல்வதும் சட்டம் ஏற்கும் காரணம்தான். ஆகவே ஒப்பந்தம் எழுதினால் ஆறு மாத முன்னறிவிப்பு, அட்வான்ஸ் திரும்பும் நாள், புதுக் கட்டடத்தில் கடை எடுக்க முதல் வாய்ப்பு ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். அலமாரிக்கும் ஷட்டருக்கும் பணம் போட்ட பிறகு ஒரு வருடத்தில் காலி செய்வது பெரிய அடி.

குன்றத்தூர் யோசனைக்கு வருகிறேன். தம்பி திசையைச் சரியாகப் பார்க்கிறார். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை அந்தப் பக்கம் போகிறது, குன்றத்தூரும் மாங்காடும் 2021-ல் நகராட்சிகளாகின. சென்னைப் பெருநகரப் பகுதியே 1,189 சதுர கி.மீ. என்பதிலிருந்து 5,904 சதுர கி.மீ. ஆக 2022-ல் விரிந்தது. வீடுகள் அங்கே கட்டத்தான் போகிறார்கள். ஆனால் வீடு கட்டும் எல்லா இடத்திலும் சில்லறை ஹார்டுவேர் ஓடாது. பெரிய அடுக்குமாடித் திட்டங்களுக்கு பில்டர் பாரிமுனையிலோ நேராகக் கம்பெனியிடமோ மொத்தமாக வாங்கிவிடுவார், உங்கள் கடைக்கு ஒரு ஆணிகூட வராது. குடிவந்த பிறகு கர்ட்டன் ராடும் குழாய் வாஷரும் விற்கும், அவ்வளவுதான். மனை வாங்கி ஆளாளுக்குத் தனி வீடு கட்டும் லேஅவுட்தான் உங்களுக்கான இடம். அங்கே அஸ்திவாரம் முதல் பெயின்ட் வரை வீட்டுக்காரரே பொருள் வாங்குவார். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, விதிப்படி கட்டுகிறோம் என்று உரிமையாளரே உறுதி தரும் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. இது சிறு மனைக்காரர்களுக்கு வேலையைச் சுலபமாக்கியிருக்கிறது.

தம்பியிடம் இரண்டு வேலை கொடுங்கள். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் குன்றத்தூர், மாங்காடு சுற்றுவட்டாரத்தில் பதிவான திட்டங்களைப் பார்த்து, எது அடுக்குமாடி, எது மனைப்பிரிவு என்று பிரித்து எழுதட்டும். பிறகு அந்த மனைப்பிரிவுகளுக்கு நேரில் போய், எத்தனை மனையில் வேலை நடக்கிறது, பக்கத்தில் ஏற்கெனவே எத்தனை ஹார்டுவேர் கடை இருக்கிறது என்று எண்ணட்டும். வேலை நடக்கும் வீடுகள் குறைவாகவும் கடைகள் நிறையவும் இருந்தால் அங்கே போகாதீர்கள். புது இடத்தில் எல்லா மேஸ்திரியும் முதல் நாளே பற்றுக் கேட்பார் என்பதையும் கணக்கில் வையுங்கள். யார் திருப்பிக் கொடுப்பார் என்று தெரிந்துகொள்ளவே ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும்.

நான் சொல்வது: சாலையை விடுங்கள், ஊரை விடாதீர்கள். ஆற்காடு சாலையிலிருந்து ஒன்றிரண்டு தெரு உள்ளே, குட்டி யானை வந்து திரும்பக்கூடிய அகலமுள்ள தெருவில், கோடவுனோடு சேர்ந்த இடமாகப் பாருங்கள். வாடகை 28,000-க்குள் இருக்க வேண்டும், வாசலில் சரக்கு இறக்க இடம் இருக்க வேண்டும். வளசரவாக்கம், விருகம்பாக்கம், சாலிகிராமம் எல்லாம் பழைய வீடுகளும் பழைய பிளாட்டுகளும் நிறைந்த பகுதி. குழாய் மாற்றுவதும் வயரிங் மாற்றுவதும் பாத்ரூம் இடித்துக் கட்டுவதும் அங்கே ஓயாது. உயரமில்லாத கட்டடங்களுக்கான எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப் பரப்பு கட்டலாம் என்ற அளவு, 2019-ல் 1.5-லிருந்து 2 ஆனது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்ட வழிசெய்யும் புதிய சட்டமும் 2024-ல் அமலுக்கு வந்தது. உங்கள் ஊரிலேயே அடுத்த பத்து வருடத்துக்கு வேலை இருக்கிறது. குன்றத்தூரில் தம்பி ஒரு சின்ன கோடவுன் எடுத்து, இங்கிருந்தே சரக்கு அனுப்பி ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். நன்றாகப் போனால் அப்போது அங்கே கடை போடலாம்.

தடுப்பால் விழுந்த விற்பனைக்கு நஷ்டஈடு உண்டா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். உங்கள் கட்டடத்தில் ஒரு பகுதியையாவது திட்டத்துக்கு எடுத்தால் வாடகைக்கு இருப்பவரும் மறுவாழ்வு உதவி கேட்கலாம். உங்கள் வழித்தடங்கள் அடங்கிய மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்குக் கடன் தரும் ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றின் விதிகளே வாடகைதாரர்களையும் பாதிக்கப்பட்டவர்களாகக் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. பாதிக்கப்பட்டவர்களின் கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இருப்பது முக்கியம். இடம் எடுக்கப்படாமல் வியாபாரம் மட்டும் குறைந்தது என்றால் அதைக் காட்டிப் பணம் வாங்குவது கடினம். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

இடம் மாற்றினால் 15 நாளுக்குள் ஜிஎஸ்டி பதிவில் முகவரியை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். கோடவுனையும் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்க வேண்டும். 10 அக்டோபர் 2024 முதல் இன்னொன்றும் உண்டு: கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்து நீங்கள் சாதாரண முறையில் பதிவு செய்தவராக இருந்தால், வாடகைக்கு 18 சதவீத வரியை நீங்களே கட்ட வேண்டும். நீங்கள் விற்பனைக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் கையிலிருந்து போகும். சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதம் மட்டும் வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் இது இல்லை. இடம் பேசும்போதே உங்கள் ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, எப்போது மாறுவது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்கள் பெயின்ட் விற்பனையின் உச்சம், அப்போது கடை மூட்டை கட்டிக்கொண்டிருக்கக்கூடாது. ஆடியில் கடை பிடிக்க ஆள் குறைவு, வாடகை பேரம் பேச அதுவே நல்ல மாதம். ஆடியில் பேசி முடித்து, ஆவணியில் பால் காய்ச்சி, ஐப்பசிக்குள் அலமாரி நிரப்பிவிடுங்கள். பழைய கடையைக் காலி செய்யும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே பற்று நோட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் நேரில் சொல்லி, நிலுவையை வாங்கி, புது இடத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். அப்பாவே போனால் இன்னும் நல்லது, முப்பது வருடமாக அவர்கள் நம்பி வந்தது அவரைத்தான்.