கட்டுத் தூக்குகிற வேலைதானா?

கேள்வி: ஐயா, பி.காம். முடித்திருக்கிறேன். காரைக்குடியில் ஒரு சிவில் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். "வக்கீல் பின்னாடி கட்டுத் தூக்கிட்டு நடக்கவா இவ்வளவு படிச்சே" என்கிறார் அப்பத்தா. எல்லாம் இ-ஃபைலிங் ஆகிவிட்டதால் இந்த வேலை நிலைக்குமா என்றும் பயமாக இருக்கிறது. போகலாமா?
— வாசகி, கோட்டையூர்

பதில்: தாராளமாகப் போங்கம்மா. வழக்குக் காகிதக் கட்டுத் தூக்குவது இந்த வேலையில் ஒரு ஓரம்தான். சிவில் ஆபீஸில் குமாஸ்தா காப்பாற்றுவது தேதியை. வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தேதி தவறினால் கட்சிக்காரர் பாடு திண்டாட்டம்தான்.

நம்ம பக்கத்து வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய வீடு, மூன்று தலைமுறைப் பங்காளிகள், முப்பது நாற்பது பிரதிவாதிகள், அதில் பாதிப் பேர் சென்னையிலும் மலேசியாவிலும். நடுவில் ஒருவர் இறந்துபோனால் 90 நாளுக்குள் அவருடைய வாரிசுகளை வழக்கில் சேர்க்க மனுப் போட வேண்டும். விட்டுவிட்டால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும், பாகப்பிரிவினை வழக்கில் அது மொத்தத்தையும் ஆட்டிவிடும். அப்படி அற்றுப்போனதை ரத்து செய்யக் கேட்க இன்னும் 60 நாள் உண்டு, அதுவும் போனால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு, அதற்கு ஒரு எதிருரை, நாலு வாய்தா. அதனால் நல்ல குமாஸ்தா ஒவ்வொரு வாய்தாவுக்கும் கட்சிக்கார ஆச்சியிடம் "உங்க பங்காளி வீட்டில் ஏதும் கேதம் உண்டா?" என்று கேட்டுவிடுவார். பினாங்கில் நடந்த சாவை எந்தக் கம்ப்யூட்டரும் வந்து சொல்லாது.

வெளிநாட்டிலிருந்து வரும் பவர் பத்திரமும் இப்படித்தான். இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வந்த தேதிக்குச் சாட்சி அந்தக் கூரியர் கவர்தான், அதைக் கிழித்துக் குப்பையில் போடாமல் பத்திரத்தோடு சேர்த்துக் கட்டிலேயே வையுங்கள்.

தீர்ப்பு வந்தால் அன்றைக்கே நகல் மனுப் போடுங்கள். முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் அப்பீலுக்கு 30 நாள்தான், நகல் வாங்க ஆகும் நாளை அதில் கழித்துக்கொள்ளலாம். நகலில் மனுப் போட்ட நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள் என்று வரிசையாக முத்திரை குத்தியிருக்கும். அப்பீல் கெடுவை அதை வைத்துத்தான் எண்ணுவார்கள். கட்டணம் கேட்டு போர்டில் போட்டதை நீங்கள் பார்க்காமல் விட்ட நாளெல்லாம் உங்கள் கட்சிக்காரர் தலையில்தான் விழும்.

இ-ஃபைலிங் பற்றிப் பயப்படாதீர்கள். ஸ்கேன் செய்து ஏற்றுவதைச் சீக்கிரமே பழகிவிடலாம், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை கோர்ட் இணையதளத்தில் போட்டால் அடுத்த வாய்தாவும் தெரிந்துவிடும். ஆனால் அன்றைக்குப் பேட்டா (சம்மன் அனுப்பும் செலவு) கட்டணுமா, சாட்சியைக் கூட்டி வரணுமா என்பதைக் கட்டைப் புரட்டுகிற ஆள்தான் சொல்ல முடியும்.

சேருமுன் சம்பளத்தையும், தேவகோட்டை, சிவகங்கை, ஐகோர்ட் மதுரைக் கிளை என்று அலைவதற்குப் பஸ் காசையும் தெளிவாகப் பேசிவிடுங்கள், கூச்சப்படாதீர்கள். வக்கீல் குமாஸ்தாக்களுக்கென்று தமிழ்நாட்டில் 1999-லிருந்தே நல நிதிச் சட்டம் இருக்கிறது, அதில் உறுப்பினராக முடியுமா என்று சங்கத்தில் விசாரியுங்கள். அப்புறம், வக்கீல் கையெழுத்தை நீங்கள் போடாதீர்கள், யார் சொன்னாலும் சரி. "கேஸ் ஜெயிச்சிடும்" என்று கட்சிக்காரரிடம் வாக்கும் கொடுக்காதீர்கள்.

பிற்பாடு வக்கீலாக ஆசை வந்தால் மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கலாம், காரைக்குடியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஆனால் தினமும் வகுப்புக்குப் போக வேண்டிய படிப்பு, முழுநேர வேலையோடு ஒத்துவராது.

சேர்ந்த முதல் வாரமே, முடிந்துபோன பாகப்பிரிவினைக் கட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பிராது (வழக்குப் போடும் மனு) முதல் டிக்ரி (தீர்ப்பின் மேல் கோர்ட் போடும் உத்தரவு) வரை படியுங்கள். புரியாததைச் சீனியர் குமாஸ்தாவிடம் சாயங்காலம் கேளுங்கள், காலையில் அவருக்கு நிற்க நேரம் இருக்காது.