ஓராண்டு டைம்லாப்ஸ்: எந்தக் கேமரா வாங்குவது?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு கட்டடம் வரப்போகிறது. அஸ்திவாரம் தோண்டுவதிலிருந்து பெயின்ட் அடிப்பது வரை, ஓராண்டு முழுக்க வெளியே கேமரா வைத்து டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுத்த படங்களைச் சேர்த்து வேகமாக ஓட்டும் வீடியோ) எடுக்க ஆசை. பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று இருக்கிறது. அது போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் ஒரு சின்னக் கணக்கு. பகல் 12 மணி நேரம், அரை மணிக்கு ஒரு படம் என்றால் நாளுக்கு 24 படம். வீடியோ நொடிக்கு 24 பிரேம் ஓடினால் ஒரு நாள் ஒரு நொடியாகிறது. ஓராண்டு ஆறு நிமிடத்தில் முடிகிறது. மொத்தம் 8,760 படம். ஒரு படம் 5 எம்பி என்று வைத்தாலும் 64 ஜிபி கார்டு போதும். இதற்குப் பழைய கேமராவே தாராளம்.

நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் கதை வேறு. நாளுக்கு 720 படம். 1,00,000 கிளிக் வரை தாங்கும் ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை) ஐந்து மாதத்துக்குள் அந்த எண்ணைத் தொட்டுவிடும். அப்போது, அசையும் திரை இல்லாமலே படமெடுக்கும் எலக்ட்ரானிக் ஷட்டர் உள்ள மிரர்லெஸ் கேமராதான் (டிஎஸ்எல்ஆரில் இருப்பதுபோல் உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாதது) சரி.

மிச்சமாகும் பணத்தை மின்சாரத்துக்கும், கேமராவை மழையிலிருந்து காக்கும் பெட்டிக்கும் செலவிடுங்கள். கேமராவின் சொந்த பேட்டரி மாதக்கணக்கில் தாங்காது. பேட்டரி இருக்கும் இடத்தில் பொருத்தும் டம்மி பேட்டரி, அதற்கு மின்சாரம் தர சோலார் பேனலும் 12 வோல்ட் பேட்டரியும் வேண்டும். தொடர்ந்து மேகமூட்டமாக இருக்கும் நாட்களையும் கணக்கில் வைத்தே அளவைத் தேர்ந்தெடுங்கள். வாங்குமுன் கடைக்காரரிடம் அவசியம் கேட்க வேண்டியது: “கரன்ட் போய்த் திரும்ப வந்தால் தானாகவே படமெடுக்கத் தொடங்குமா?” உள்ளேயே இன்டர்வெல் டைமர் (குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுக்க வைக்கும் வசதி) இருந்தும் பல கேமராக்கள் அப்படித் தொடங்குவதில்லை. அது நின்றுபோனது தெரியாமல் இரண்டு வாரம் போனால், போட்ட கான்கிரீட்டை மறுபடி போடச் சொல்ல முடியாது. அதனால் வாரம் ஒருமுறையாவது கார்டைத் திறந்து பாருங்கள்.

அந்தப் பெட்டி வாங்கும்போது ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல்லை மட்டும் நம்பாமல் ஐபி65 (தூசியும் பீய்ச்சும் நீரும் தாக்காது என்பதற்கான தரக்குறியீடு) அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மழையை விட, உள்ளே படியும் ஈரம்தான் கண்ணாடியை அதிகம் மங்கலாக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள்.

ட்ரைபாட் வேண்டாம், மண் இளகினால் சாயும். சுவரில் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஃபோகஸை மேனுவலில் வைத்து, லென்ஸ் வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் ஃபிரேமுக்குள் வந்தால் அவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள்.

அப்புறம், வேலை தொடங்கும் முன்பே இரண்டு வாரம் மாடியில் முழு அமைப்பையும் ஓட்டிப் பாருங்கள்.