ப்ராஜெக்ட் வாரியாக டெர்மினல் செஷன்களைப் பிரித்துவைக்க டிமக்ஸினேட்டர் போடலாமா?

நான்கைந்து ப்ராஜெக்ட்டில் ஒரே நேரத்தில் வேலை, ஒவ்வொன்றுக்கும் எடிட்டர், சர்வர், லாக் என்று டேப் மேல் டேப், காலையில் அத்தனையையும் மறுபடி திறக்கவே கால் மணி நேரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

போடலாம். டிமக்ஸ் (tmux) என்பது ஒரே டெர்மினலுக்குள் பல செஷன்களை, அதாவது தனித்தனி வேலைத் தொகுப்புகளை, வைத்துக்கொள்ள உதவும் நிரல். டிமக்ஸினேட்டர் (tmuxinator) அதன் மேல் உட்காரும் கருவி, கோப்பில் எழுதிவைத்தபடி செஷனை ஒரே கட்டளையில் திறந்து தரும். ஆனால் முதல் இரண்டு வாரம் வெறும் டிமக்ஸோடு பழகிவிட்டு அப்புறம் போடுங்கள். நான் தலைகீழாகச் செய்தவன். டிமக்ஸே சரியாகத் தெரியாதபோது டிமக்ஸினேட்டரை இறக்கி, ஏழு ப்ராஜெக்ட்டுக்கும் யாமல் (YAML, அமைப்புகளை எழுதும் வடிவம்) கோப்பு எழுதி, எந்த விண்டோவில் எத்தனை பேன் (pane, விண்டோவைப் பிரித்த கட்டம்) என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செதுக்கினேன். அதில் ஐந்தை மறுபடி திறந்துகூடப் பார்க்கவில்லை.

டிமக்ஸில் பின்னணியில் ஒரு சர்வர் ஓடுகிறது. நாம் பார்க்கும் டெர்மினல் அதன் கிளையண்ட் மட்டுமே. டெர்மினலை மூடினாலும், வேறொரு கணினியில் வேலை செய்யும்போது எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தாலும், உள்ளே ஓடுவது ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு செஷன், ஃபோல்டரின் பெயரே செஷனின் பெயர் என்று வைத்துக்கொண்டாலே பாதித் தலைவலி போய்விடும். நியூ-செஷன் கட்டளையோடு கேபிட்டல் ஏ ஆப்ஷனைச் சேர்த்தால், அந்தப் பெயரில் செஷன் இருந்தால் அதற்குள் போகும், இல்லாவிட்டால் புதிதாகத் திறக்கும். கன்ட்ரோல்-பி அடித்து எஸ் அடித்தால் எல்லா செஷன்களும் பட்டியலாக வரும்.

இன்று நான் அன்றாடம் பயன்படுத்துவது பத்து வரி ஷெல் ஸ்கிரிப்ட். எஃப்இசட்எஃப் (fzf) என்ற தேடல் கருவி ப்ராஜெக்ட் ஃபோல்டர்களைக் காட்டும், ஒன்றைத் தேர்ந்தால் அதன் செஷனுக்குப் போய்விடும். நீங்களும் எழுதப்போகிறீர்கள் என்றால், நான் விழுந்த பள்ளங்களைச் சொல்லிவிடுகிறேன்.

டிமக்ஸிடம் ஒரு செஷன் பெயரைச் சொல்லி அது இல்லையென்றால், அந்த எழுத்துகளில் தொடங்கும் வேறொன்றை அதுவே எடுத்துக்கொள்ளும். என்னிடம் 'ஷாப்', 'ஷாப்-அட்மின்' என்று இரண்டு இருந்தன. 'ஷாப்' ஏற்கெனவே மூடியிருந்தது தெரியாமல் அதைக் கொல்லச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் 'ஷாப்-அட்மின்' போய்விட்டது, அதில் இரண்டு மணி நேரமாக ஓடிய டேட்டா இம்போர்ட்டோடு சேர்த்து. பெயருக்கு முன்னால் ஒரு சமக்குறி போட்டால் அச்சு அசலாக அந்தப் பெயரை மட்டும் தேடும். மேனுவலில் இருக்கிறது, யார் படித்தார்கள்!

ஃபோல்டர் பெயரில் புள்ளி இருந்தால் செஷன் பெயரில் அது அடிக்கோடாக மாறிவிடும். புள்ளியும் முக்காற்புள்ளியும் விண்டோ, பேன் முகவரிக்காக டிமக்ஸ் ஒதுக்கிவைத்தவை. ஸ்கிரிப்ட்டும் அதேபோல் மாற்றிவிட்டுத்தான் தேட வேண்டும்.

கண்டுபிடிக்க எனக்கு நாள் கணக்கில் ஆனது என்விரான்மென்ட் மாறிகள், அதாவது ஷெல் தன்னுள் ஓடும் நிரல்களுக்குக் கொடுக்கும் அமைப்பு மதிப்புகள். டிமக்ஸ் சர்வர் முதன்முதலில் எந்த ஷெல்லிலிருந்து கிளம்பியதோ, அதன் மாறிகளைத்தான் பிறகு திறக்கும் எல்லா செஷன்களுக்கும் கொடுக்கும். காலையில் முதலில் திறந்த ப்ராஜெக்ட்டின் டேட்டாபேஸ் முகவரி மற்ற ப்ராஜெக்ட்டுகளிலும் எட்டிப்பார்க்கும். இதற்கு டைர்என்வ் (direnv) என்ற கருவியைப் போட்டுவிட்டேன். ஃபோல்டருக்குள் நுழையும்போது அந்த ப்ராஜெக்ட்டின் மாறிகளை ஏற்றி, வெளியே வரும்போது இறக்கிவிடும்.

சரி, டிமக்ஸினேட்டர் எப்போது? கணினியை ரீபூட் செய்தால் டிமக்ஸ் செஷன்கள் அத்தனையும் காலி. டிமக்ஸ்-ரிசரெக்ட் ப்ளக்இன் விண்டோ, பேன் அமைப்பை மீட்டுத் தரும். ஆனால் விம் எடிட்டர், கோப்பைப் படிக்கும் லெஸ் மாதிரி சில நிரல்களைத் தவிர, உள்ளே ஓடியதை நாம் தனியாகச் சொல்லிவைக்காவிட்டால் திரும்பக் கிளப்பாது. வெப் சர்வர், பின்னணி வேலைகளைச் செய்யும் வொர்க்கர், ரெடிஸ் டேட்டாபேஸ் என்று நான்கைந்து ப்ராசஸ்களை எப்போதும் ஒரே மாதிரி கிளப்ப வேண்டிய ப்ராஜெக்ட்டுக்குத்தான் யாமல் எழுதும் உழைப்பு தகும். டிமக்ஸினேட்டர் ரூபியில் எழுதியது. ரூபி வேண்டாம் என்றால் பைத்தானில் எழுதிய, இதே வேலையைச் செய்யும் டிமக்ஸ்பி (tmuxp) இருக்கிறது. அதில் ஃப்ரீஸ் என்ற கட்டளை, இப்போது கண்முன் இருக்கும் செஷனையே கோப்பாக எழுதித் தரும். யாமலை வெறும் கையால் எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எனக்கு அப்படித் தேறியவை இரண்டே ப்ராஜெக்ட். அந்த யாமல் கோப்புகளை அந்தந்த ப்ராஜெக்ட்டின் நிரல்களைக் குழு பகிரும் ரெப்போவுக்குள்ளேயே வைத்துவிட்டேன். குழுவில் புதிதாகச் சேர்பவர் அந்த ஃபோல்டரில் நின்று டிமக்ஸினேட்டர் ஸ்டார்ட் என்று அடித்தால் போதும், எந்த சர்வரை முதலில் கிளப்புவது என்று என்னைக் கேட்க வருவதில்லை.